உஷார்! தைராய்டு ரிப்போர்ட் நார்மல்… கழுத்தில் கட்டி?

கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. எச்சில் விழுங்கினால் கூடவே ஏறி இறங்குகிறது. வலி இல்லை. தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்த்தாச்சு, நார்மல். "அப்புறம் என்ன?" என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். ஆபத்தே அங்கேதான்! தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் அளவு சரியாகத்தான் இருக்கும்.

பத்துக் கட்டிகளில் ஒன்பது சாதுவானவை. மிச்சத்தில் அபூர்வமாக ஒளிந்திருப்பது 'மெடுல்லரி' என்ற புற்றுநோய் வகை. தைராய்டு புற்றுநோய்களில் 100-க்கு 5-க்கும் குறைவு. ஆனால், இது கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் 'சி' செல்களில் பிறப்பது. அவை அயோடினை உறிஞ்சுவதில்லை. அதனால், மற்ற வகைகளுக்குக் கைகொடுக்கும் கதிரியக்க அயோடின் இதனிடம் பலிக்காது. பரவும் முன் அறுவை சிகிச்சை செய்து எடுப்பதே வழி.

கண்டுபிடிக்க ஊசிப் பரிசோதனை, அதாவது எஃப்.என்.ஏ.சி. ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, செல்களை உறிஞ்சி கண்ணாடித் தகட்டில் தடவுவார்கள். மெடுல்லரி என்றால் செல்கள் ஒட்டாமல் சிதறிக் கிடக்கும். சில உருண்டை, சில கதிர்போல நீளம். உட்கரு, உப்பும் மிளகுத்தூளும் தூவியது போலிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இது வேஷம் போடும். வேறு வகைக் கட்டி போலவே தெரியும். ஊசிப் பரிசோதனை மட்டும் செய்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் மெடுல்லரி என்று சரியாகப் பிடிபடுகிறது. மற்றவர்களுக்கு 'சந்தேகம்', 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று ரிப்போர்ட் வரலாம். வேறு பெயரிலும் வரலாம். அப்போது துணைக்கு வருவது கால்சிடோனின்தான். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கலாம். கட்டியில் குத்திய ஊசியைக் கழுவிய நீரிலும் அளக்கலாம். எடுத்த செல்களுக்கே கால்சிடோனின் சாயம் ஏற்றியும் பார்க்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மெடுல்லரி உறுதியானால், ஆபரேஷனுக்கு முன் அட்ரினல் சுரப்பியில் கட்டி உண்டா என்று பார்த்தாக வேண்டும். இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே உலை வைக்கும். அடுத்து, இந்த நோயாளிகளில் நாலில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருவது. 'ரெட்' மரபணுவுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நோயாளிக்கு அந்தக் கோளாறு இருந்தால், பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பார்த்தே ஆகவேண்டும்.

ஊசி ரிப்போர்ட்டில் 'சந்தேகம்' என்ற சொல் இருக்கிறதா? பீரோவில் வைக்காதீர்கள். "கால்சிடோனின் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்!