ஒரு குரல், இரு தட்டுகள்

மதுரையில் 1916-இல் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி, 1945-இல் வெளிவந்த ‘மீரா’ படத்தில் பாடிய பாட்டு ‘காற்றினிலே வரும் கீதம்’. அதனைப் பழைய அரக்குத் தட்டிலும் பின்னாளைய மறுபதிப்பிலும் கேட்டு ஒப்பிட்டிருக்கிறேன். குரல் ஒன்றே, கேட்கும் இன்பம் வேறு.

காரணம் யாது? அரக்குத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. எஃகு ஊசி உரசுந்தோறும் இரைச்சல் எழும். தட்டின் வரியும் தேயும். மறுபதிப்பில் அவ்விரைச்சலை வடிகட்டுகின்றனர். ஆனால், இரைச்சல் மிகும் உச்ச ஒலிகளிலேதான் குரலின் மெருகும் உறைகிறது. அளவுமீறி வடித்தால் பதரோடு நெல்லும் போய்விடும்.

மாணவர்களே, ஒப்பிடுகையில் இரண்டையும் ஒரே அளவு உரக்க ஒலிக்க விடுங்கள். உரத்து ஒலிப்பதே சிறந்ததெனச் செவி மயங்கும். மூலப்பதிவு அழிந்துபோன பாட்டுக்குத் தேயாத பழைய தட்டே சான்று. ஆதலின், பரணில் கிடக்கும் தட்டைக் குப்பையென்று எறியாதீர்கள்.