அட்டையின் மறுபக்கம்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் சிங்கப்பூர்ப் படத் தபாலட்டைகள் பதினொன்று உள்ளன. யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகச் சென்ற காலத்தில் என் பூட்டனார் அங்கிருந்து அனுப்பியவை அவை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலும் என் அன்னையார் அப்பெட்டியைக் கைவிட்டாரல்லர். ஆயினும் அவ்வட்டைகளுக்குப் பெருங்கேடு அதற்கு முன்னரே நேர்ந்துவிட்டது, செய்தவன் நானே. முத்திரை சேர்க்கும் பித்துக்கொண்ட சிறுவனாயிருந்தபோது, அவற்றின் முத்திரைகளையெல்லாம் நீரில் நனைத்து உரித்தெடுத்தேன். தபாற் கந்தோரார் குத்திய திகதிக் குறியிற் பெரும்பகுதியும் அவற்றோடு போயிற்று.

அவ்வட்டைகளுள் ஒன்றில், “சுகமே கரைசேர்ந்தேன்” என்று பூட்டனார் எழுதியுள்ளார். எந்த ஆண்டில் என்று கூறுவார் இன்று எவருமிலர். படத்தைக் கொண்டேனும் அறியலாமென முயன்றேன்.

படத்தில், கடலோரத்துப் ‘படாங்’ வெளியிலே ஸ்தாம்போர்ட் றாபிள்சின் சிலை நிற்கின்றது. 1819இல் ஆங்கிலேயர் குடியேற்றத்தை அங்கு நிறுவியவர் அவர். 1887இல் இச்சிலை அவ்வெளியில் நாட்டப்பெற்றது. விளையாடுவோர் உதைத்த பந்து பெருமானார் மேற் படுவதும் உண்டாம்! குடியேற்றத்தின் நூற்றாண்டையொட்டி, 1919இல் அதனைப் பெயர்த்து விக்டோரியா ஞாபகார்த்த மண்டபத்தின் முன்னே வைத்து, அரைவட்டத் தூண்வரிசையொன்றும் அமைத்தனர். யப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–45) அத்தூண்கள் மறைந்தன. ஆகவே, வெளியில் நிற்கும் சிலையெனின் படம் 1919க்கு முந்தியது. தூண்கள் சூழ நிற்பதெனின் அதற்குப் பிந்தியது.

எனினும் இது படம் பிடித்த காலத்தையே காட்டும். அட்டை அனுப்பிய காலத்தையன்று. பதிப்போர் பழைய படத்தையே ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் அச்சிட்டு விற்பதுண்டு. வண்ணத்தையோ நம்பவே வேண்டா. கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தொலைவிலிருந்த ஐரோப்பிய அச்சகங்களிலே சாயமேற்றியவர்கள் சிங்கப்பூரின் வானத்தைக் கண்டிருப்பார்களோ?

இனி, அட்டையின் பின்புறம். முன்னாளில் அது முகவரிக்கே உரியது; செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டும். பின்புறத்தை நடுக்கோட்டாற் பிரித்து, ஒரு பாதியிற் செய்தி எழுத 1902இல் பிரித்தானியா முதன்முதலில் இடமளித்தது. பிற நாடுகள் பின்னர் அதனைத் தழுவின. எங்கள் அட்டையில் அக்கோடு உண்டு. ஆதலின் 1902க்கு முந்தியதன்று என்பது மட்டும் உறுதி. இவ்வளவு ஆராய்ச்சியும், ஒரு சிறுவன் கிண்ணத்து நீரிற் கரைத்துவிட்ட நான்கு இலக்கங்களுக்காக!

பழைய அட்டைகள் சேர்க்கும் மாணவர்கள் முத்திரையை உரித்தல் ஆகாது. புத்தகத்திற் பசையிட்டு ஒட்டுவதும் அதற்கிணையான பிழையே. எழுத்து முழுவதும் மறைந்துபோம். காகித மூலைகளிற் செருகி வைத்தலே போதும். எழுதப்படாத புத்தட்டையே சிறந்ததென்று விலைபேசுவோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று.

பூட்டனாரின் அட்டையில் இப்போது எஞ்சியிருப்பது மையாலான அரைவட்டம் ஒன்றே. அதில் “மார்ச்சு 4” என்பது தெளிவாகத் தெரிகின்றது. ஆண்டு, நான் முக்கோண முத்திரையொன்றுக்காகப் பள்ளித் தோழனுக்குக் கைமாற்றிய முத்திரையோடு போய்விட்டது.