விடையைச் சொல்லாதீங்க... குச்சியைக் கையில கொடுங்க! - சயின்ஸ் வகுப்புக்கு மூணு ஈஸி செய்முறைகள்

ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? தெர்மாகோல் வீடு, பேக்கிங் சோடாவும் வினிகரும் பொங்குற எரிமலை, அப்பா ராத்திரி 11 மணி வரைக்கும் உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்த மழைநீர் சேகரிப்பு மாடல்... பிரைஸ்கூட வந்திருக்கும். ஆனா, 'இது ஏன் பொங்குது?'ன்னு யாராவது கேட்டா, மனப்பாடம் பண்ணின நாலு வரியை ஒப்பிச்சிட்டு நின்னிருப்போம்.

வேடிக்கை பார்க்கிறது வேற, தானே செஞ்சு பார்க்கிறது வேற. இந்த வித்தியாசத்தை நம்பி, 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் ஒரு முயற்சி ஆரம்பமானது. முதலில் 16 நடுநிலைப் பள்ளிகள், 6 முதல் 8-ம் வகுப்பு வரை. அவங்க உருவாக்கிய 'பால வைஞானிக்' பயிற்சி நூலில் சோதனையை எப்படிச் செய்யணும்னு இருக்கும், கேள்விகள் இருக்கும். விடை மட்டும் இருக்காது! அதைப் பிள்ளைங்கதான் செஞ்சு, பேசி, கண்டுபிடிக்கணும். பரீட்சையிலும் புத்தகத்தைத் திறந்து வெச்சுக்கலாம்.

1978-ல் அங்கே போய்ச் சேர்ந்தார் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி-யில் படிச்சிட்டு, புனேவில் லாரி தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கிட்டிருந்த இன்ஜினீயர். கிராமத்துச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வ் டியூபும் தீக்குச்சியும்தான் அவரோட முதல் ஆய்வுக்கூடம். குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித் தந்த அவருக்கு, 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த வழியில், ஆய்வகமே இல்லாத வகுப்பிலும் செய்யக்கூடிய மூணு விஷயங்கள் இதோ.

1. சதுரம் சாயும், முக்கோணம் நிக்கும்

வேண்டியவை: தீக்குச்சி, சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வ் டியூப். குச்சிகளின் மருந்தை முதலில் சுரண்டி எடுத்துடுங்க. டியூபைச் சின்னத் துண்டுகளா வெட்டி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால், மடங்குகிற மூட்டு ரெடி. மூணு குச்சியில் ஒரு முக்கோணம், நாலு குச்சியில் ஒரு சதுரம் செய்யச் சொல்லுங்க.

இப்போ மூலையைப் பிடிச்சு அழுத்தினா, சதுரம் சாய்ஞ்சு போகும். முக்கோணம் அசையாது. காரணம் ரொம்ப எளிது. மூணு பக்கத்தின் நீளம் முடிவாகிட்டா, ஒரே ஒரு வடிவம்தான் சாத்தியம். நாலு பக்கம்னா, நீளம் மாறாமலே கோணம் மட்டும் மாறலாம். சதுரத்துக்குக் குறுக்கே ஒரு நீளமான ஈர்க்குச்சியைச் சேர்த்தா, அதுவும் கெட்டியா நிக்கும்.

அப்புறம் பிள்ளைங்களை ஜன்னல் வழியா பார்க்கச் சொல்லுங்க. செல்போன் டவர், கரன்ட் டவர், ரயில்வே இரும்புப் பாலம்னு எல்லாத்துலயும் முக்கோணம் தெரியும்.

2. ஸ்ட்ராவில் ஒரு நாகஸ்வரம்

பேப்பர் ஸ்ட்ராவின் ஒரு முனையை நசுக்கி, ரெண்டு ஓரத்தையும் சரிவா வெட்டுங்க. அந்த முனையை உதட்டுக்குள்ள வெச்சு ஊதினா 'பீப்' சத்தம் வரும். வரலைன்னா, இன்னும் கொஞ்சம் நசுக்கிப் பார்க்கணும். ஊதிக்கிட்டே இருக்கும்போது, இன்னொருத்தர் மறுமுனையைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமா வெட்டினா, சத்தம் படிப்படியா கீச்சுக் குரலாகும். உள்ளே அதிர்கிற காற்றின் நீளம் குறையக் குறைய, ஒரு விநாடிக்கு நடக்கிற அதிர்வுகள் கூடும். அதுதான் காரணம்.

நாகஸ்வரத்தோட சீவாளியும் இதே மாதிரி ரெண்டு உதடா அதிர்ந்துதான் பேசுது. ஸ்ட்ரா கிடைக்கலையா? பூவரசம் இலையைச் சுருட்டினா பீப்பி ரெடி!

3. ஒரு செல், ஒரு மோட்டார்

வேண்டியவை: டார்ச் செல், ரெண்டு ஊக்கு, ரப்பர் பேண்ட், பழைய ஸ்பீக்கர் காந்தம், வைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய காப்பர் கம்பி. கம்பியை செல் மேலேயே பத்துச் சுற்று சுற்றி வளையமா எடுத்துக்கோங்க. எதிரெதிர்ப் பக்கமா ரெண்டு முனை நீட்டிக்கிட்டு இருக்கணும். ஊக்குகளை செல்லின் ரெண்டு முனையிலும் ரப்பர் பேண்டால் கட்டி, அந்த ஓட்டைகளில் கம்பி முனைகளை மாட்டுங்க. காந்தம் வளையத்துக்கு நேர் கீழே செல் மேல உட்காரணும்.

முக்கியமான இடம் இதுதான். ஒரு முனையில் எனாமலை முழுசா சுரண்டணும். இன்னொரு முனையில் பாதிப் பக்கம் மட்டும். ரெண்டையும் முழுசா சுரண்டினா, வளையம் ஆடும், சுத்தாது. ஏன்னா, முதல் அரைச்சுற்றில் முன்னே தள்ளுற விசை, அடுத்த அரைச்சுற்றில் பின்னால இழுக்கும். பாதி எனாமல் இருந்தா அந்த நேரத்தில் கரன்ட் நின்னுடும், வளையம் வந்த வேகத்திலேயே மீதியைச் சுத்தி முடிச்சிடும். செல் சூடாகும்ங்கிறதால, பார்த்து முடிச்சதும் கழட்டிடுங்க.

டீச்சர் என்ன செய்யணும்?

கொஞ்சம் பொறுமையா இருக்கணும். அதுதான் கஷ்டமும்கூட! தொடங்குறதுக்கு முன்னாடியே 'என்ன நடக்கும்?'னு கேட்டு, வர்ற பதில்களை போர்டில் எழுதிடுங்க. மோட்டார் சுத்தலைன்னா நீங்க கை வைக்காதீங்க. 'ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பாரு'ன்னு சொல்லுங்க. காந்தமா, கம்பியா, சுரண்டினதான்னு பிள்ளைங்க தேடுற அந்த அஞ்சு நிமிஷத்துலதான் பாடமே நடக்குது. நாலு பேருக்கு மேல ஒரு குழுவில் வேண்டாம். இல்லைன்னா ரெண்டு பேர் செய்வாங்க, மத்தவங்க வேடிக்கை பார்ப்பாங்க.

'போர்ஷனை எப்போ முடிக்கிறது?'ன்னு டீச்சர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செய்முறைக்கு நேரம் ஆகும். மார்க்கும் பரீட்சையும் மாறாம வகுப்பறையை மட்டும் மாத்துறது சுலபம் இல்லை. 30 வருஷம் நடந்த ஹோஷங்காபாத் திட்டத்தையே 2002-ல் மாநில அரசு நிறுத்திடுச்சு. ஆனா, அந்த யோசனை நிக்கலை. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' திட்டத்தில், 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி, கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோட போறாங்க.

வீட்டில் காசு கொடுத்து கிட் வாங்க முடியுற பிள்ளைக்கு யூடியூப், டியூஷன்னு நிறைய வழி இருக்கு. அது இல்லாத பிள்ளைக்கு வகுப்பறைதான் ஒரே ஆய்வுக்கூடம். அங்கேயும் 'கையைக் கட்டிப் பார்'னா, அவங்க எங்கே போவாங்க?

அக்கா பையன், பக்கத்து வீட்டுப் பாப்பான்னு உங்களைச் சுத்தியும் யாராவது இருப்பாங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து குச்சியையும் கொஞ்சம் வால்வ் டியூபையும் கொடுத்துப் பாருங்க. ஒரே ஒரு கண்டிஷன்... முதல் பத்து நிமிஷத்துக்கு விடையைச் சொல்லிடாதீங்க!