பால்காரரின் காய்ச்சல்

விடிந்ததும் பால் வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்க்கிறோம். வந்த பாலில் எவ்வளவு தண்ணீர் என்று விசாரிக்கிறோம். அதைக் கறந்து கொண்டு வந்தவரின் தேக சௌக்கியத்தை மட்டும் விசாரிப்பதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஏரியும் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த காலம் ஒன்று உண்டு. வயல்கள் மனைகளாகிவிட்டன, மாடுகள் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. அம்பத்தூரிலேயே ஆவின் பால் பண்ணை இருந்தும், கண்ணெதிரே கறந்த பாலுக்கு இங்கே கிராக்கி குறைந்தபாடில்லை. வீட்டுச் சுவரை ஒட்டிக் கொட்டகை. சுவருக்கு இப்புறம் மாடு, அப்புறம் குழந்தைகளின் படுக்கை.

அத்தகைய ஒரு கொட்டகைக்குச் சமீபத்தில் சென்றிருந்தோம். சினைப்பசு ஒன்று ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. "திருஷ்டி, சார்" என்றார் மாட்டுக்காரர். அவருக்கும் சில வாரங்களாக மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பில் தீராத வலி. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை.

மாட்டில் கன்று வீச்சு நோயை உண்டாக்கும் 'புரூசெல்லா' என்னும் கிருமியே மனிதருக்கு இப்படிப்பட்ட காய்ச்சலைத் தருகிறது. மால்டா தீவில் பட்டாளத்தாரை வாட்டிய காய்ச்சலில் இவ்வகைக் கிருமியை டேவிட் புரூஸ் என்ற வைத்தியர் 1887-ல் கண்டுபிடித்தார். அது ஆட்டுப் பாலின் வழியே பரவுவதை 1905-ல் தெமிஸ்டோகிளிஸ் சம்மிட் கண்டறிந்தார். மறு ஆண்டு பட்டாளத்துக்கு ஆட்டுப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

பாலைப் பொங்கக் காய்ச்சும் நம் பெண்மணிகளின் வழக்கம் நம்மைப் பெரிதும் காப்பாற்றிவிடுகிறது. கறவைக்காரரை அது காப்பாற்றாது. வீசிய கன்றிலும், இளங்கொடியிலும், அப்போது வெளிப்படும் நீரிலும் கிருமி ஏராளம். கையிலுள்ள சிறு கீறல் போதும், உள்ளே புக. அவரோ வெறுங்கையால் கன்றை இழுக்கிறார். இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் தொங்கவிட்டால் பால் பெருகும் என்பது பழைய நம்பிக்கை. அதை நாயும் காக்கையும் இழுத்துச் சென்றால் பெருகுவது வியாதிதான். ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைப்பதே தகும்.

வேறு ஜாக்கிரதைகளும் கடினமானவை அல்ல. கன்று ஈனும்போது ரப்பர் கையுறை அணிய வேண்டும். கன்று வீசிய மாட்டைத் தனியே கட்ட வேண்டும். சந்தையில் வாங்கிய மாட்டை மற்றவற்றோடு சேர்க்குமுன் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். கிடேரிக் கன்றுக்கு நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி போடவேண்டும். 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தில் இவ்வூசியும் சேர்ந்தது. அதில் இருப்பது உயிருள்ள கிருமியாதலால் கால்நடை வைத்தியரே போடவேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் வியாதிகளை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது.

காய்ச்சல் கண்டவர், தாம் மாடு வளர்ப்பதை வைத்தியரிடம் அவசியம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் உரிய பரிசோதனை நடக்கும். நோய் இதுவென்று தெரிந்தால், ஆறு வாரங்களுக்குக் குறையாமல் மருந்து உண்டு குணமடையலாம்.

இவ்வளவும் கேட்டபின் மாட்டுக்காரர் மெல்லச் சொன்னார்: "பரிசோதனைக்குக் கொடுத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும், சார். நாளைக்கு யார் பால் வாங்குவார்கள்?"

நோயை மறைக்க வைப்பது அவருடைய அறியாமை மட்டுமன்று, நம்முடைய பயமுந்தான். நாம் வாடிக்கையை நிறுத்தினால் அவர் அந்த மாட்டைச் சத்தமில்லாமல் விற்றுவிடுவார். நோய் அடுத்த கொட்டகைக்குக் குடிபோகும். பரிசோதனை செய்தவரிடமே பால் வாங்குவோம் என்று பத்துக் குடும்பங்கள் சேர்ந்து சொன்னால், மறைக்க வேண்டிய அவசியமே அவருக்கு இராது.

காந்தியடிகள் 1927-ல், உடல் நலம் குன்றிப் பெங்களூரில் தங்கியிருந்தபோதும், அங்கிருந்த அரசாங்கப் பால் பண்ணைக்குச் சென்று மாடு வளர்க்கும் முறையைப் பாடம் கேட்டார். கோமாதாவுக்குப் பொங்கலன்று குங்குமம் இடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. நாளைக் காலை பால்காரர் வரும்போது, "மாடு எப்படி இருக்கிறது? உங்கள் உடம்பு எப்படி?" என்று கேட்போம். தண்ணீர்க் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.