தண்ணீர் போடும் ஒளிப்பாதை

பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து லேசர் பேனாவை அடித்துக் காட்டுவது என் வகுப்பின் வழக்கம். வளைந்து விழும் தண்ணீரோடு சிவப்பு ஒளியும் வளைந்து இறங்கும். "இது வித்தை சார்" என்பார்கள் மாணவர்கள். ஆய்வக உதவியாளருக்கோ தரையைத் துடைக்கும் வேலைதான் மிச்சம். ஜெனீவாவில் டேனியல் கொலாடோன் 1841-லேயே நீர்த்தாரையில் ஒளியை ஓட்டிக் காட்டிவிட்டார். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, காற்றுக்கு ஏறக்குறைய 1. அதனால் சாய்வாக வரும் ஒளி விளிம்பில் முட்டி, முழுதாக உள்ளேயே திரும்பிவிடுகிறது.

ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழு 2004-ல் இந்த ஏற்பாட்டிலிருந்து காற்றையும் விலக்கிவிட்டது. முடி பருமனுள்ள வாய்க்காலில் நடுவே ஒளியைச் சுமக்கும் கால்சியம் குளோரைடு கரைசல், இருபுறமும் வெறும் தண்ணீர். அவ்வளவு குறுகலான இடத்தில் திரவங்கள் சுழித்துக் கலக்காது. ஒட்டி ஒட்டி ஓடும். பம்பின் வேகத்தை மாற்றினால் ஒளி போகும் பாதை அகலும், குறுகும், பக்கவாட்டில் நகரும். கண்ணாடி இழையில் இது நடக்காத காரியம்.

திரவத்தால் ஒளிக்கு வழி போடுவதில் எனக்குப் பிடித்தது ஒளிப்படிகம்தான். 1987-ல் இயற்பியலாளர்கள் யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் தனித்தனியே முன்வைத்த யோசனை அது. சிலிக்கான் தகட்டில் மைக்ரோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் வரிசை வரிசையாகத் துளைகள். குறிப்பிட்ட அலைநீள ஒளிக்கு அங்கே அனுமதியில்லை. ஒரு வரிசைத் துளைகளில் மட்டும் திரவத்தை நிரப்பினால், அந்த வரிசை வழியே ஒளி போக இடம் கிடைக்கிறது. கழுவிவிட்டு வேறு வரிசையில் நிரப்பலாம். சூடாக்கினால் திரவத்தின் ஒளிவிலகல் எண் மாறும்; அங்கே ஓடும் ஒளியின் அலைநீளமும் நகரும். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால், எளிதில் ஆவியாகாத எண்ணெய்களே இதற்குத் தோது.