விலை நிற்கிறது, எடை இறங்குகிறது!



விலை ஒரு ரூபாய் ஏறினால் வாடிக்கையாளர் கல்லாவிலேயே நின்று காரணம் கேட்கிறார். எடை பத்து கிராம் இறங்கினால் அவர் கேட்பதில்லை. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் எடையை யாரும் படிப்பதில்லை என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். பிஸ்கட், சோப்பு, டீத்தூள், சிப்ஸ், ஷாம்பு சரம் என்று நாம் விற்கும் பல சரக்குகளில் விலை அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருவதை நாம் அனைவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

காரணத்தை நியாயமாகவே பார்ப்போம். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்பவை நாணய விலைகள். குழந்தை கையில் காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பும் வீடுகளை நம்பி நிற்கும் விலைகள். கோதுமை, சர்க்கரை, பாமாயில், பிளாஸ்டிக் உறை எல்லாம் ஏறும்போது ஐந்து ரூபாயை ஐந்தரை ஆக்க முடியாது. சில்லறைக்கு யார் எங்கே போவது? ஆகவே விலையைத் தொடாமல் எடையில் கை வைக்கிறார்கள். பாக்கெட்டில் அச்சிட்ட எடை உள்ளே சரியாக இருக்கும்வரை இது சட்டப்படி குற்றமும் அல்ல. அச்சிட்டதற்கும் குறைவாக அடைப்பதுதான் எடைக் குறைவுக் குற்றம். இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? ஐந்து ரூபாய்க்கு 60 கிராம் இருந்த பாக்கெட் 50 கிராம் ஆனதாக வைத்துக்கொள்வோம். எடையில் ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். கிலோ கணக்கில் பாருங்கள்: 83 ரூபாய் 33 காசாக இருந்தது 100 ரூபாய் ஆகிவிட்டது. அதாவது 20 சதவீத விலை ஏற்றம். எம்.ஆர்.பி.யில் இந்த ஏற்றத்தை அச்சிட்டிருந்தால் தெருவே பேசியிருக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

முன்பு டீத்தூள், காபி, பிஸ்கட், சமையல் எண்ணெய், சோப்பு போன்ற 19 வகைச் சரக்குகளை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தத்தில் அந்த அட்டவணை நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, அலகு விலையை அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராம் என்ன விலை, கிலோவுக்கு மேற்பட்டதில் ஒரு கிலோ என்ன விலை என்று போட வேண்டும். திரவமானால் மில்லி, லிட்டர் கணக்கு.

விதி நல்ல விதிதான். ஆனால் கிராமுக்குப் பத்து காசு, பன்னிரண்டு காசு என்று மூலையில் இருந்தால் எந்த இல்லத்தரசி கவனிப்பார்? அட்டவணை போனதன் விளைவைச் சமையல் எண்ணெயில் நன்றாகக் காணலாம். லிட்டர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், பார்வைக்கு அதே உயரத்தில், 850 மில்லி, 800 மில்லி பாக்கெட்டுகள் தொங்குகின்றன. 140 ரூபாய்க்கு 850 மில்லி வாங்குபவர் லிட்டருக்கு ஏறத்தாழ 165 ரூபாய் கொடுக்கிறார். பக்கத்துக் கடையில் லிட்டர் 150 என்றால் அந்தக் கடைக்காரர் கொள்ளை அடிப்பதாக நினைக்கிறார். உண்மையில் மலிவாக விற்பவர் அவர்தான்! ஒழுங்காக முழு லிட்டர் விற்பவர் கெட்ட பெயர் வாங்குகிறார்.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

‘நமக்குப் பாக்கெட்டுக்கு இவ்வளவு கமிஷன், எடை எதுவானால் என்ன’ என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. மாதச் சாமான் பட்டியலை எண்ணிப் பாருங்கள். ஆறு பாக்கெட், நான்கு சோப்பு என்று எண்ணிக்கையில் எழுதும் குடும்பத்துக்கு அதே பட்டியல் இப்போது முப்பது நாள் வருவதில்லை. இருபத்தைந்தாம் தேதியே தீர்ந்துவிடுகிறது. அந்த அம்மா தயாரிப்பாளரைத் திட்டுவதில்லை. ‘அந்தக் கடைச் சாமான் காணாது’ என்றுதான் சொல்கிறார். டீக்கடைக்காரரும் மெஸ்காரரும் பாக்கெட் கணக்கில் பக்குவம் பார்ப்பவர்கள். டீயில் கடுப்பு குறைந்தால் அவர்களுக்கும் சந்தேகம் நம் மேல்தான். வண்டிக் கூலியும் பெட்டிக் கணக்கில் அப்படியே இருக்க, உள்ளே போகும் சரக்கு குறைகிறது.

ஒரு பிடி கொசுறு போட்டுக் கொடுத்து வாடிக்கையைப் பிடித்தது நம் மளிகைத் தொழில். அளந்ததற்கு மேல் கொடுத்த கை என்ற பெயர்தான் நம் முதல். யாரோ குறைத்ததற்கு அந்தப் பெயரை நாம் ஏன் இழக்க வேண்டும்?

வெளிநாட்டுக் கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் கார்ஃபோர் என்ற பெரிய கடைத்தொடர் 2023 செப்டம்பரில், எடை குறைந்து விலை குறையாத சரக்குகளின் அருகிலேயே அறிவிப்பு ஒட்டியது. 2024 ஜூலை முதல் அந்நாட்டுப் பெரிய கடைகளில் இத்தகைய அறிவிப்பு கட்டாயமாகவே ஆகிவிட்டது.

வரி குறைந்தபோது

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஐந்து ரூபாய் பாக்கெட் கணக்குப்படி 4 ரூபாய் 45 காசுக்கு வர வேண்டும். அந்தச் சில்லறை கிடைக்காது என்பதால், சிறு பாக்கெட்டுகளில் விலையைக் குறைக்காமல் எடையைக் கூட்டித் தருவதாகப் பல நிறுவனங்கள் அறிவித்தன. வரிக் குறைப்பு முழுவதும் எடையாக வந்தால் 50 கிராம் பாக்கெட் 56 கிராம் ஆக வேண்டும். இதைச் சரிபார்க்க நமக்குத் தராசு கூட வேண்டாம். பழைய காலி உறை ஒன்றை வைத்திருந்தால் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கொள்முதல் பில்லில் எண்ணிக்கையோடு எடையையும் எழுதி வாங்குங்கள். எடை மாறினால் ஏஜென்சி முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, பழைய எடை ஸ்டாக்கையும் புது எடை ஸ்டாக்கையும் ஒரே தட்டில் கலக்காதீர்கள். ஒரே விலையில் இரண்டு எடை இருப்பதைப் பார்த்தால் வாடிக்கையாளர் நம்மைத்தான் சந்தேகிப்பார்.

மூன்றாவது, அதிகம் விற்கும் பத்துச் சரக்குகளுக்குக் கிலோ, லிட்டர் விலையைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். எண்ணெய்க்கு இது மிக அவசியம்.

நான்காவது, பருப்பு, மிளகாய், மல்லி ஆகியவற்றை நாமே பொட்டலம் கட்டி வைக்கும்போது அரை கிலோ என்றால் அரை கிலோ இருக்கட்டும். முன்கூட்டியே கட்டி விற்கும் பொட்டலத்துக்கும் எடை, விலை, தேதி, கட்டியவர் முகவரி ஆகிய விவரங்கள் தேவை. ‘பெரிய கம்பெனியே குறைக்கிறது’ என்ற சமாதானம் தொழிலாளர் துறை ஆய்வாளரிடமும் செல்லாது, வாடிக்கையாளரிடமும் செல்லாது.

ஐந்தாவது, எண்ணெய், டீத்தூள், பிஸ்கட் போன்ற அன்றாடச் சரக்குகளுக்காவது நிலையான அளவுகளை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றும், எடை குறைந்தால் உறையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்றும் நம் சங்கம் அரசுக்குக் கோரிக்கை வைக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்கள் ஆதரவு தர வேண்டுகிறோம்.

தயாரிப்பாளர் உறையை மாற்றலாம், பெயரையும் மாற்றலாம். நாம் அதே தெருவில் அதே கடையில்தான் நாளையும் உட்கார வேண்டும். குறைந்ததைக் குறைந்தது என்று முதலில் சொல்லும் வாய் நம்முடையதாக இருக்கட்டும்.