புல்தரைக்குத் தொழு உரம்

தலைநகராகிய தில்லியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தரைத்தளத்தில் குடியிருப்பு வாய்க்கப்பெற்ற நம்மவர் பலர், வாயிலையொட்டிய சிறு நிலத்திலே புல்தரை அமைக்க விரும்புகின்றனர். நம் ஊரில் வாசலைப் பெருக்கி, சாணம் தெளித்து, கோலமிடுவதே மரபு. அங்கே புல் முளைத்தால் அதனைக் களைந்தெறிவோம். வடநாட்டிலோ குளிர்கால வெயிலில் அமர்வதற்குரிய திண்ணையாகவும், குழந்தைகள் ஓடியாடும் முற்றமாகவும், கோடைப் புழுதியை அடக்கும் விரிப்பாகவும் புல்தரை அமைகின்றது. அதற்குக் கால்நடை எருவை எவ்வாறு இடுதல் வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

தில்லி வட்டாரத்துப் புல்தரைகளில் பெரும்பாலும் வளர்வது, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லே. இந்தியில் அதற்குத் ‘தூப்’ என்று பெயர். வெப்பத்தைத் தாங்குவதும், மிதிபட்டாலும் மீண்டும் தழைப்பதும் இதன் இயல்பு. ஆனால் டிசம்பர், ஜனவரித் திங்கள்களின் கடுங்குளிரில் இது வளர்ச்சி ஒடுங்கி, வெளிறிக் காணப்படும். புல் பட்டுப்போயிற்று என்று அஞ்சிப் பலர் அப்பொழுதுதான் எருவைக் கொட்டுகின்றனர். உறங்கும் வேருக்கு ஊட்டம் பயன்படாது.

காலத்தைவிட முதன்மையானது எருவின் பக்குவம். சாணம் வேறு, தொழு உரம் வேறு. தொழுவத்திலே சேரும் சாணமும், மூத்திரத்தில் ஊறிய வைக்கோலும் குவிந்து, மாதக்கணக்கில் மக்கிய பின்னரே தொழு உரமாகின்றன. நாற்றுப் பண்ணைகளில் வெறுமனே ‘கோபர்’ என்று கேட்டால் சாணமே கிடைக்கக்கூடும். ‘சடீ ஹுயீ காத்’, அதாவது மக்கிய உரம் என்று கேட்டுப் பெறுதல் நலம்.

பச்சைச் சாணத்தினால் விளையும் கேடு யாது? முதலாவது, அதிலும் மூத்திரத்திலும் உண்டாகும் அம்மோனியா மெல்லிய புல்லைக் கருக்கிவிடும். இரண்டாவது, அதிலுள்ள வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தம் தேவைக்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். எருவிட்டும் புல் மஞ்சளிப்பதன் காரணம் பல வேளைகளில் இதுவே. மூன்றாவது, மாடு தின்ற பதுவா முதலிய களைகளின் விதைகள் செரிக்காமல் வெளிவந்து, நம் நிலத்திலே முளைக்கும். நான்காவது, மக்காத பொருளை நாடிக் கரையானும் வந்து சேரும்.

இவற்றினும் பெரிய கேடு ஒன்று உண்டு. புல்தரையில் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகின்றனர், விழுகின்றனர், மண் படிந்த கையை வாயில் வைக்கின்றனர். பச்சைச் சாணத்திலே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். தனுர்வாத நோயின் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் நெடுங்காலம் உயிர்ப்போடிருக்கும். மக்க வைத்தாலும் இவ்வித்துகள் முற்றும் அழியுமென்று கொள்வதற்கில்லை. ஆதலின் வீட்டிலுள்ள அனைவரும் தனுர்வாதத் தடுப்பூசியை உரிய காலத்தில் இட்டுக்கொள்ள வேண்டும். ஈக்களோ கோடையில் பச்சைச் சாணத்தில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளிலே பெருகிவிடும். நாய், பூனை ஆகியவற்றின் கழிவை எக்காரணம் கொண்டும் புல்தரை உரத்திலே சேர்த்தல் ஆகாது. அதன் வழியே குடற்புழுக்கள் குழந்தைகளைப் பற்றும்.

மக்க வைக்கும் கலையில் நம் நாடு உலகிற்கே வழிகாட்டியிருக்கிறது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய அறிஞர், நம் உழவரின் பழக்கங்களைக் கண்டறிந்து, சாணமும் சருகும் அடுக்கிப் புரட்டிவிடும் ‘இந்தூர் முறை’யை வகுத்தார். 1939இல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா, அடிக்கடி புரட்டாமல் குழியில் மூடி மக்க வைக்கும் முறையை உருவாக்கினார். வீட்டின் மூலையிலே இடமிருந்தால் முதல் முறையே ஏற்றது. குவியல் ஒரு மீட்டர் உயரமேனும் இருத்தல் வேண்டும். பிழிந்த துணியின் ஈரம் அதற்குப் போதும். நன்கு அமைந்த குவியலின் உள்வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை உயரும். களைவிதைகளையும் பெரும்பாலான கிருமிகளையும் அழிப்பது இவ்வெப்பமே. வெளிப்புறம் உள்ளே செல்லுமாறு சிலமுறை புரட்டினால் மூன்று, நான்கு திங்களில் உரம் பக்குவப்படும். குளிர்காலமாயின் இன்னும் சிறிது தாமதமாகும்.

பக்குவத்தை அறிவது எளிது. நிறம் கறுத்து, கையில் உதிரும். நாற்றம் நீங்கி, மழைக்குப்பின் எழும் மண்ணின் மணம் வீசும். உள்ளே கை வைத்தால் சூடு தெரியாது. ஐயமிருப்பின், ஒரு தொட்டியில் உரத்தையும் மண்ணையும் சரிபாதி கலந்து வெந்தயம் விதைத்துப் பாருங்கள். ஒரு வாரத்திற்குள் அது செழித்து முளைத்தால் உரம் புல்லுக்கும் ஏற்றது. முளை கருகினால் இன்னும் பொறுத்திருத்தல் வேண்டும்.

இனி, அளவு. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள தரைக்கு 50 கிலோ தொழு உரம் போதும். அதனைச் சலித்து, மண்ணும் மணலும் உரத்தின் அளவே சேர்த்து, அரை சென்டிமீட்டர் கனத்திற்கு மிகாமல் தூவுக. முன்னதாகப் புல்லைக் குட்டையாக வெட்டிவிடுதல் வேண்டும். தூவியபின் துடைப்பத்தால் மெல்ல வருடினால் உரம் புல்லின் அடிக்கு இறங்கும்; நுனி வெளியே தெரிய வேண்டும். உடனே நீர் பாய்ச்சி, இரண்டு வாரம் குழந்தைகளை அங்கே விளையாட விடாதிருத்தல் நலம். பணி முடித்தபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச்சு வரை முதல் தவணைக்கு உகந்த காலம். பருவமழை நின்றபின் அக்டோபரில் வேண்டுமாயின் மறுமுறை இடலாம். அனற்காற்று வீசும் மே, ஜூனிலும், அடைமழைக்கு முந்தின நாளிலும் இடுதல் வீண். மழையில் அடித்துச் செல்லப்படும் சத்து சாக்கடை வழியே யமுனையில் கலந்து அதற்கு மேலும் கேடு செய்யும்.

ஆட்டு எருவும் கோழி எருவும் மாட்டு எருவைவிட வீரியம் மிக்கவை. தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்களவே. அவற்றிலோ ஏறத்தாழ 3 பங்கு. எனவே அவற்றை ஆறிலொரு பங்காகக் குறைத்தே இடுதல் வேண்டும். நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள பகுதிகளில் உப்பு மிகுந்த கோழி எருவைத் தவிர்ப்பதே நன்று.

50 கிலோ தொழு உரத்தில் அடங்கிய தழைச்சத்து 250 கிராம். அரைக் கிலோவிற்குச் சற்று மேற்பட்ட யூரியாவிலும் அதே அளவு உண்டு. அவ்வாறாயின் ஏன் இத்தனை உழைப்பு என்று வினவலாம். யூரியா சில வாரங்களில் தன் பயனை முடித்துக்கொள்ளும். தொழு உரம் மண்ணைப் பொதுளச் செய்து, நீரைப் பிடித்துவைத்து, முதலாண்டில் ஒரு பகுதியையும் எஞ்சியதைப் பின்வரும் ஆண்டுகளிலும் அளிக்கும். மாற்றல் உத்தரவு என்றும் வரக்கூடிய நம் போன்றோர்க்கு அப்பின்னாண்டுகளின் பசுமை கிட்டாமற் போகலாம். எனினும் அடுத்து அவ்வீட்டிற்கு வரும் குடும்பத்தின் குழந்தைகள் நோயச்சமின்றி அத்தரையில் விளையாடுவர். அதற்கு நாம் செலவிட வேண்டியது பெரும்பொருளன்று. நான்கு திங்கள் பொறுமையே.